சந்தனப் பொட்டு வைத்த போர்டு

அத்தியாயம் 4

செத்துப்போச்சு என்று ஊரே கைவிட்ட சாமானைச் சேட்டு குனிந்து முகர்ந்து பார்த்தான். மூக்கைச் சுருக்கினான். மறுபடியும் முகர்ந்தான்.

"அக்கா, இதுக்குள்ளாற வசம்பு வாசனை வருது."

"கருகின வாசனையா பாரு," என்றாள் ஆதிலட்சுமி.

"கருகின வாசனை எனக்குத் தெரியாதா? காஞ்சிபுரத்துல ரேடியோ ரிப்பேர் கடை வெச்சு நான் கருக்காத சாமானா? இது கொழந்தைங்க கையில கட்டுவாங்களே, அந்த வசம்புதான். கம்ப்யூட்டருக்கு மாந்தம் வந்துட்சி போல கீது."

ஆதிலட்சுமி சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரி நாளும் அது இல்லை.

விஷயம் இதுதான். உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில் நல்லேரிப்பாக்கம் என்று ஒரு ஊர். அங்கே ரைஸ் மில் வைத்திருக்கும் வீராசாமி, தன்னுடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டைக் கம்ப்யூட்டர் சென்டராக மாற்றுகிறேன் பார் என்று மெட்ராஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைக் காரில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தார். சுற்றுவட்டாரத்துக்கே அதுதான் முதல் கம்ப்யூட்டர். ஆயுத பூசைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மறுநாள் விஜயதசமி, திறப்பு விழா. சேர்மன் வந்தார், மேளம் வந்தது, லட்டு வந்தது, கம்ப்யூட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை. சுவிட்சைப் போட்டதும் உள்ளே இருந்த விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றது. திரை கருப்பாகவே இருந்தது. சேர்மன் பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பாடம் நடத்தத் தாம்பரத்திலிருந்து வந்திருந்த முத்துகிருஷ்ணன், டை கட்டிய ஆள், பெட்டியை மேலாக எட்டிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னான். நல்ல போர்டை எவனோ கழற்றிக்கொண்டு செத்த போர்டை உள்ளே மாட்டிவிட்டான் என்று. அந்த ஒரு வார்த்தை போதாதா? ராத்திரி காவலுக்குப் படுத்திருந்தவன் யார்? துரை. துரை யார்? ஏரிக்கரை இருளர் குடிசைக்காரன். லட்டு தீருவதற்குள் ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இந்த ஊருக்கு ஏரிக்கரை துரை.

வீராசாமி ஆதிலட்சுமியை அழைத்தது துரையைக் காப்பாற்ற இல்லை. நல்ல போர்டை அவன் எங்கே விற்றான் என்று கண்டுபிடித்துத் தரத்தான். ஆதிலட்சுமி முன்பு போலீஸில் இருந்தவள். பொய் கேஸ் ஒன்றில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தொப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்து, காஞ்சிபுரத்தில் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். சேட்டு அங்கே அவளுக்கு உதவியாள். அதனால் சாயங்காலம் துரையைக் கோர்ட்டுக்கு ஏற்றப் போகிறார்கள் என்று கேட்டதுமே மொபெட்டை எடுக்கச் சொன்னாள். வழியிலேயே சேட்டிடம் சொல்லிவிட்டாள்.

"ஒரு தடவ அவன் பேரு அங்க ஏறிட்சின்னா முடிஞ்சுது சேட்டு. அப்புறம் எந்த ஊர்ல கோழி காணாம போனாலும் ஜீப்பு அவன் குடிசை முன்னாடிதான் நிக்கும். சாவற வரைக்கும்."

இப்போது இன்ஸ்டிடியூட் அறையில், வீராசாமியும் முத்துகிருஷ்ணனும் பார்க்க, அவள் பெட்டியைச் சுற்றி வந்தாள். உள்ளே பச்சை நிறப் போர்டு, அதன்மேல் கருப்புக் கருப்பாகச் சில்லுகள். நடுவில் இருந்த பெரிய சில்லின் தலையில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம். அதைப் பார்த்ததும் அவள் கண் சற்று இடுங்கியது.

"பூசை பெட்டிக்குத்தானே போடுவாங்க, உள்ள இருக்கிற போர்டுக்கு யாரு பொட்டு வெச்சது?" என்று கேட்டாள்.

முத்துகிருஷ்ணன் சொன்னான். வீராசாமியின் அம்மா தாயாரம்மாள்தான் பிடிவாதமாக மூடியைக் கழற்றச் சொன்னார்களாம். அரிவாளுக்குப் பூசை போட்டால் அரிவாளுக்குப் போடுவார்களா, உறைக்குப் போடுவார்களா என்று கேட்டார்களாம். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. அதனால் மூடியைக் கழற்றி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் திறந்தபடியே வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பூசை போட்ட ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் ராத்திரி முழுக்க அப்படியே இருந்தது. காலையில் அவன் மூடியை மாட்டினான்.

"போர்டை வெளில எடு சேட்டு. பெட்டி இல்லாம ஓட்டிப் பாக்கலாம்."

முத்துகிருஷ்ணன் பதறினான். கேஸ் இல்லாமல் மதர்போர்டை ஓட்டுவதாவது, அப்படி யாரும் செய்வதில்லை என்று இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னான். சேட்டு ஸ்குரூ டிரைவரைக் காதில் செருகியபடியே அவனைப் பார்த்தான்.

"ஏன் சார், சட்ட போடலன்னா மனுஷன் மூச்சு வுட மாட்டானா?"

ஒயர்களைக் கழற்றினான், திருகாணிகளை எடுத்தான், போர்டை ஓரமாகப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். எங்கும் கருகல் இல்லை. திரும்பிப் பார்த்தபோது ஆதிலட்சுமி காலித் தகரப் பெட்டிக்குள் கையை விட்டுக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசி என்றாள். கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீராசாமி தன் ஸ்டீல் மேஜையைக் காட்டினார், அதன்மேல் வைக்கலாமே என்று. சேட்டு தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"வேணாம் நைனா. போர்டுக்கு அடிப்பக்கம் பூரா ஈயப் பொட்டு. எல்லாத்துலயும் கரண்ட் ஓடும். இரும்போ தாமிரமோ எது பட்டாலும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கினு கரண்ட்டு தப்பு வழியில பூடும். நம்ம பவர் சப்ளை ஒண்ணும் முட்டாள் இல்ல. அது தெரிஞ்ச உடனே மூச்ச நிறுத்திக்கும்."

மரப் பெஞ்சு ஒன்றை இழுத்துப் போட்டார்கள். டைப் அடிக்கும் பிள்ளைகள் விட்டுப்போன பரீட்சை அட்டை ஒன்று கிடந்தது. அதன் இரும்புக் கிளிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு அட்டையைப் பெஞ்சில் போட்டு, அதன்மேல் போர்டை வைத்தான் சேட்டு. பவர் சப்ளை டப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்தான். அதிலிருந்து வருகிற இரண்டு சொருகிகளைக் கருப்பு ஒயரும் கருப்பு ஒயரும் பக்கத்துப் பக்கத்தில் வருகிற மாதிரி பார்த்துச் சொருகினான். மாற்றிச் சொருகினால் போர்டு நிஜமாகவே சாமியிடம் போய்விடும். திரைக்கான கார்டைச் சொருகியதும் அது தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் செங்குத்தாக நின்றது. சின்ன ஸ்பீக்கரை மாட்டினான். கீபோர்டையும் திரையையும் மாட்டினான். பெஞ்சு முழுக்க ஒயரும் டப்பாவுமாகப் பரப்பி வைத்ததைப் பார்த்தால் சந்தைக்கடை கெட்டது.

"பொறந்த மேனிக்கு வுட்டாச்சி. அழுவுதா பாக்கலாம்," என்றான். வாய்தான் அப்படிப் பேசியது, கை சொருகிகளை மறுபடி ஒரு தடவை அழுத்திப் பார்த்தது. இது ஓடாவிட்டால் முத்துகிருஷ்ணன் சொன்னது செல்லும். செத்த போர்டு, திருட்டு, ஜீப், கோர்ட்டு, எல்லாம் வரிசையாக நடக்கும். ஓடினால் துரைக்கு வீட்டுக்குப் போக வழி உண்டு.

பவர் சப்ளையின் பக்கவாட்டிலிருந்த சிவப்புச் சுவிட்சைத் தூக்கினான்.

விசிறி சுற்றியது. நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. ஸ்பீக்கர் ஒரு தடவை 'பீப்' என்றது. திரையில் பச்சை எழுத்து வந்தது, எண்கள் விறுவிறு என்று ஏறின, உள்ளே போடப் பிளாப்பி கொடு என்று கேட்டு நின்றது. வீராசாமி தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முத்துகிருஷ்ணன் டையைத் தளர்த்தினான். ஏதோ லூஸ் கான்டாக்ட் இருந்திருக்கும் என்றான்.

"நேத்து திருட்டு. இன்னிக்கு லூஸ் கான்டாக்டா?" ஆதிலட்சுமி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "போர்டு மாறிட்சின்னு சொன்னீங்களே. அந்தப் பொட்டைப் பாருங்க. பூசையில வெச்ச பொட்டு. திருடன் நல்ல போர்டை எடுத்துக்கினு, செத்த போர்டை மாட்டி, அதுக்கும் சந்தனம் கொழைச்சி அதே எடத்துல பொட்டு வெச்சிட்டா போனான்? அவ்ளோ பக்தியா அவனுக்கு?"

அவன் குனிந்து பொட்டைப் பார்த்தான். அவள் வீராசாமி பக்கம் திரும்பினாள். ராத்திரி இந்த அறைச் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டாள். அம்மா இடுப்பில் என்றார் அவர். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. துரை படுத்திருந்தது வெளி கேட்டோரக் கொட்டகையில். பூட்டுக்கு இந்தப் பக்கம் அவன் வரவே இல்லை.

"இதை போலீஸ்ல சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலியே," என்றார் வீராசாமி.

கேட்கவில்லை. ஒருத்தனை அடித்து இழுத்துப்போகும்போது சாவி யாரிடம் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சேட்டுக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. வீராசாமியை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் மொபெட்டில் கிளம்பினார்கள்.

ஏரிக்கரை திரும்புகிற இடத்தில் ஆதிலட்சுமி வண்டியை நிறுத்தச் சொன்னாள். இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு. கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு புள்ளி வைத்தது. சுருட்டி வைத்திருந்து விரித்ததால் ஓரமெல்லாம் மேலே வளைந்திருந்தது. வசம்பு வாசனை குப்பென்று அடித்தது.

"போர்டை நீ தூக்கினப்ப அடியில கெடந்தது," என்றாள்.

சேட்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போர்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு விரல் சந்து. அதில் யாரோ இந்தத் தகட்டைச் சொருகியிருக்கிறார்கள். வளைந்த ஓரம் அடிப்பக்க ஈயத்தில் பட்டது, பவர் சப்ளை மூச்சை நிறுத்திக்கொண்டது. கண்ணேறு படாமல் மிஷினைக் காக்க வைத்த தகடே அதன் கழுத்தை நெரித்துவிட்டது.

"அப்ப இன்னா அக்கா, இதைக் கொண்டுபோயி எஸ்ஐ மேஜைமேல போட்டா வேலை முடிஞ்சுது."

"போட்டா இது யாருதுன்னு கேப்பான். அதைத் தெரிஞ்சிக்கினு போடலாம்."

போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு பூவரச மரம். அதன் அடியில் துரையின் அம்மா எல்லம்மாள் நேற்றிலிருந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே இருந்து சத்தம் வரும்போதெல்லாம் எழுந்து நிற்பாள். சத்தம் நின்றால் உட்காருவாள். நாஷ்டா வாங்கித் தரவா என்று சேட்டு கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினாள். ஆதிலட்சுமி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கைக்குட்டையைப் பிரித்தாள். அந்தத் தகட்டைப் பார்த்தாளோ இல்லையோ, எல்லம்மாள் அதைக் கையில் எடுத்தாள்.

"இது என் கை வேலை. ஒனக்கு எப்டிம்மா கெடச்சுது?"

பச்சிலை கொடுப்பதும், சீர் தட்டி வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு வசம்பு கட்டுவதும், தகடு கீறித் தருவதும் அவள் செய்கிற காரியங்கள். யாருக்குக் கொடுத்தாள் என்று ஆதிலட்சுமி கேட்கவில்லை. மில்லுக்காரம்மா எப்போது வந்தாங்க என்று மட்டும் கேட்டாள். பூசைக்கு முன்தினம், விடியும்போது வந்தார்கள் என்றாள் எல்லம்மாள். குடிசைப் பக்கம் வரவில்லை, கரைமேலேயே நின்றார்கள். புதுசா விலை கூடின சாமான் ஒன்று வாங்கியிருக்கிறோம், கண்டவன் கண்ணும் கண்டவன் கையும் படுகிறது, அதுக்கு ஒரு தகடு வேண்டும் என்றார்கள். கொடுத்ததைக் கையில் வாங்காமல் தரையில் வைக்கச் சொல்லி, தண்ணீர் தெளித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள்.

"ஆடு பகை, குட்டி உறவு," என்று முனகினான் சேட்டு.

"என் புள்ள காவல் காக்கற எடமாச்சே, நல்லா இருக்கட்டும்னு வசம்பை ரெண்டு தரம் தேச்சிக் குடுத்தேன்," என்றாள் எல்லம்மாள். அப்புறம் அவளே கேட்டாள். "இதுக்கும் மிஷினுக்கும் இன்னாம்மா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆதிலட்சுமிக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாள். எல்லம்மாள் அழவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்குள் எஸ்ஐ நல்ல மாதிரியாகத்தான் வரவேற்றார். வீராசாமியும் வந்து உட்கார்ந்திருந்தார். போர்டு மாறவில்லை, மிஷின் ஓடுகிறது, திருட்டே நடக்கவில்லை, அதனால் துரையை விட்டுவிடலாம் என்று ஆதிலட்சுமி சுருக்கமாகச் சொன்னாள். தகட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த அளவோடு முடியும் என்றுதான் நம்பினாள்.

எஸ்ஐ நாற்காலியில் சாய்ந்தார். மிஷின் இன்றைக்கு ஓடுகிறது, சந்தோஷம். நேற்று சேர்மன் எதிரில் ஏன் ஓடவில்லை என்று கேட்டார். சேர்மன் காலையிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். அவர் தலையில் துண்டைப் போட்டது யார் என்று தெரிய வேண்டுமாம். யாராவது ஏதாவது பண்ணாமல் நின்றிருக்காது. பண்ணினவன் பக்கத்தில் படுத்திருந்தவன்தான். திருட்டு இல்லாவிட்டால் சேதம் என்று எழுதினால் போயிற்று.

வேறு வழி இல்லாமல் ஆதிலட்சுமி தகட்டை மேஜைமேல் வைத்தாள். எங்கே கிடந்தது, எப்படி மிஷினை நிறுத்தியது, அறை பூட்டியிருந்தது, சாவி யார் இடுப்பில் இருந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். துரை கை அதில் படவே முடியாது என்றாள்.

வீராசாமி தகட்டைப் பார்த்தார். அது அம்மா வேலை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எஸ்ஐ வீராசாமியைப் பார்த்தார். மில்லுக்காரர் வீட்டுப் பெரியம்மா பேரை இந்த ஸ்டேஷனில் எழுதுவதா என்ற கேள்வி அந்த அறையில் ஆள் மாதிரி வந்து நின்றது. சேட்டு மனசுக்குள் எண்ணிக்கொண்டான், இதோ இப்போது ஒருத்தர் வாயைத் திறந்து எங்க அம்மாதாங்க என்று சொன்னால் போதும், தெரியாமல் செய்தது, யாருக்கும் தண்டனை கூடக் கிடையாது. வீராசாமி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"நான்தாங்க வெச்சேன்."

வாசல்படிக்கு வெளியே எல்லம்மாள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அது தன் தகடுதான் என்றாள். பையனுக்குச் சோறு கொண்டுவந்தபோது, அவன் பார்க்காத நேரம் உள்ளே போய் மிஷினுக்கு அடியில் வைத்துவிட்டேன், அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவனை விட்டுடுங்க என்றாள்.

ஆதிலட்சுமி எழுந்துவிட்டாள். "எல்லம்மா, அந்த ரூமுக்கு வாசல் எந்தப் பக்கம்?"

எல்லம்மாள் அவளைப் பார்த்தாள். கேட்காதே என்று சொன்னது அந்தப் பார்வை. "கெழக்கால," என்றாள்.

வாசல் மேற்கே இருந்தது. அந்த இன்ஸ்டிடியூட் கேட்டை எல்லம்மாள் ஒரு நாளும் தாண்டியதில்லை, தாண்ட விட்டதில்லை. துரைக்குச் சோறே கேட்டுக்கு வெளியே ரோட்டோரம்தான். இது வீராசாமிக்குத் தெரியும். எஸ்ஐக்குத் தெரியும். எழுதிக்கொண்டிருந்த ஏட்டையாவுக்கும் தெரியும்.

"வயசானவ, திக்கு திசை தெரியல," என்றார் எஸ்ஐ. ஏட்டையாவிடம் திரும்பி, "நீ எழுதிக்க," என்றார்.

ஆதிலட்சுமி கத்தினாள், சட்டம் பேசினாள், மேலதிகாரி பேரைச் சொன்னாள். எஸ்ஐ பொறுமையாகக் கேட்டார். கிழவியே ஒத்துக்கொண்ட பிறகு உங்களுக்கு என்னம்மா பேஜார் என்றார். உங்கள் கட்சிக்காரரே சும்மா இருக்கிறாரே என்று வீராசாமியைக் காட்டினார். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதைச் சேட்டு கேட்டிருக்கிறான். இரண்டையும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் அன்றைக்குத்தான் பார்த்தான்.

உள்ளே போகும்முன் எல்லம்மாள் ஆதிலட்சுமியின் கையைத் தொட்டாள்.

"அவங்க பேரச் சொன்னா எவன் நம்புவான்? நாளைக்கு நாங்க அந்தக் கரைமேலதான் நடக்கணும். அவனுக்கு வயசு கீதும்மா. எனக்கு இன்னா கீது."

துரையை வெளியே விட்டார்கள். ஒரு காது வீங்கியிருந்தது, கால் ஊன்ற முடியவில்லை. அம்மாவை உள்ளே கொண்டுபோவதைப் பார்த்து அவன் திரும்பி ஓடப் போனான், ஏட்டையா தடுத்துத் தள்ளினார். சேட்டு தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தான். மொபெட்டில் ஏறச் சொன்னால் அவன் ஏறவில்லை. பூவரச மரத்தடியில், அவள் உட்கார்ந்திருந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பிரித்துப் போட்ட மிஷினை மறுபடி பெட்டிக்குள் பூட்டித் தந்துவிட்டுப் போகும்படி வீராசாமி சொல்லி அனுப்பியிருந்தார். ஆதிலட்சுமி போகத்தான் வேண்டுமா என்று கேட்டாள். ஸ்குரூ டிரைவர் அங்கே இருக்கிறது என்றான் சேட்டு. ஸ்குரூ டிரைவர் ஒரு சாக்கு. அந்தத் தாயாரம்மாள் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

பரீட்சை அட்டைமேல் போர்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. விசிறி நிற்காமல் சுற்றியது. திரை பச்சையாகப் பிளாப்பி கேட்டுக்கொண்டிருந்தது. முத்துகிருஷ்ணன் டையைக் கழற்றி வைத்துவிட்டு ஓரமாக நின்றிருந்தான். தாயாரம்மாள் கையில் கற்பூரத் தட்டோடு வந்தாள். நெற்றி நிறையப் பொட்டு, அமைதியான முகம். இடுப்பில் சாவிக்கொத்து. ஓடுகிற மிஷினைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், காலிப் பெட்டிக்குள் பார்த்தாள்.

"இதுக்குள்ள ஒரு செப்புத் தகடு வெச்சிருந்தேனே, எங்க அது? அது இல்லாம மூடாதீங்க."

   ஸ்டேஷனில் வேண்டியிருந்த ஒரே ஒரு வாக்கியம், போலீஸ்காரர் யாரும் இல்லாத இந்த அறையில், கற்பூர வாசனையோடு சாதாரணமாக வந்து விழுந்துவிட்டது. முத்துகிருஷ்ணன் தரையைப் பார்த்தான். இப்போது காதால் கேட்டீர்கள்தானே, ஸ்டேஷனில் வந்து சொல்வீர்களா என்று ஆதிலட்சுமி அவனைக் கேட்டாள். அவன் தனக்குத் தாம்பரம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான்.

ஆதிலட்சுமி தாயாரம்மாள் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"அது போலீஸ் ஸ்டேஷன்ல சாட்சிப் பொருளா கீதும்மா. வேணும்னா நீங்களே நேரா போயி, அது என்னுது, நான்தான் வெச்சேன்னு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம். என்கூட வாங்க, வண்டி கீது."

தாயாரம்மாள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.  கற்பூரம் தட்டில் எரிந்து தீர்ந்தது.

"போலீஸ் ஸ்டேஷனுக்கெல்லாம் நாங்க போறதில்ல," என்றாள். "போவுது வுடு. எல்லம்மாளையே வேற ஒண்ணு பண்ணித் தரச் சொல்றேன். அவள உள்ள வெச்சிருக்காங்கன்னு சொன்னாங்களே, எப்ப வுடுவாங்களாம்?"

ஆதிலட்சுமி வாசலைப் பார்த்து நடந்தாள். சேட்டு சிவப்புச் சுவிட்சைக் கீழே தள்ளினான். விசிறி கொஞ்சம் சுற்றிவிட்டு நின்றது. ஸ்குரூ டிரைவரை எடுத்துக் காதில் செருகிக்கொண்டான். போர்டை அட்டைமேலேயே போட்டுவிட்டு, பெட்டியைப் பூட்டாமல் வெளியே வந்தான்.